பற்றில் எழுதப்பட்டவர்கள்

பி.காம். முதலாண்டு படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கணக்கியலின் தந்தை லூக்கா பேசியோலி என்று சொல்லிவிடும். பரீட்சையில் ஒரு மார்க். அவர் ஒரு கிறித்தவத் துறவி. 1494இல் வெனிஸ் நகரத்தில் அச்சான அவருடைய கணித நூலின் ஒரு பகுதி, அந்த ஊர் வியாபாரிகள் பேரேடு எழுதும் முறையை விளக்கியது. ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு என்று இரண்டு இடத்தில் பதியும் முறை அது. அவர் கண்டுபிடித்ததல்ல, கண்டதை எழுதினார். ஜெனோவா நகராட்சியின் கணக்கு 1340லேயே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இருந்தாலும் ஒரு தந்தை வேண்டியிருக்கிறது. அப்பன் பேர் தெரியாத எதையும் சாத்திரமாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் போல.

அந்தத் தந்தைப் பட்டத்துக்கு இங்கேயும் போட்டி உண்டு. அர்த்தசாஸ்திரத்தில் கணக்குச் சாலைக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது, கஜானாவைத் திருடும் 40 வழிகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், ஆகவே நாங்கள்தான் முன்னோடி என்பார் ஒருவர். 1986இல் லால் நிகம் என்ற ஆய்வாளர், வடநாட்டு வணிகர்களின் பஹி-கத்தா முறை பேசியோலிக்கும் முந்தைய இரட்டைப் பதிவு என்று எழுதினார். அடுத்த வருஷமே மறுப்பு வந்தது. நம்மூர்ப் பெருமிதக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. 320இல் ஒரு பங்கு முந்திரி, அந்த முந்திரியிலும் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று. இவ்வளவு நுட்பம் உலகத்தில் எவனுக்கு இருந்தது என்று மேடையில் கேட்பார்கள். கைதட்டலும் விழும்.

மூன்று தரப்பும் அடித்துக்கொள்வது முதலில் எழுதியது யார் என்பதற்காக. எழுதப்பட்டது யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. யார் பேரில் பற்று விழுந்தது? விழுந்தது சரியா தப்பா என்று அவரால் வாசித்துப் பார்க்க முடிந்ததா? அந்தக் கேள்வியோடுதான் இந்த வரலாற்றை நான் வாசிக்கிறேன். கணக்கேடும் ஒரு பிரதிதான். அதற்கும் ஆசிரியன் உண்டு, பேசவிடப்படாத பாத்திரங்கள் உண்டு.

ஐரோப்பியச் சமூகவியலில் கணக்கேட்டுக்குப் பெரிய இடம். இரட்டைப் பதிவு இல்லாமல் முதலாளியத்தை நினைத்தே பார்க்க முடியாது என்கிற அளவுக்கு ஸோம்பார்ட் 1902இல் எழுதினார். மாக்ஸ் வேபர் மூலதனக் கணக்கைப் பகுத்தறிவின் மையத்தில் வைத்தார். கதேயின் நாவல் ஒன்றிலும் ஒரு வியாபாரிப் பாத்திரம் இரட்டைப் பதிவைப் புகழ்ந்து தள்ளுகிறது. இவர்கள் எல்லாரும் ஏட்டின் ஒழுங்கைப் பார்த்து வியந்தவர்கள். ஏட்டுக்குள்ளே ஒரு வரியாகக் கிடந்தவனுக்கு அந்த ஒழுங்கு என்னவாக இருந்தது என்பது இவர்கள் கண்ணில் படவில்லை.

சரி, ஆதியிலிருந்து பார்ப்போம். எழுத்து கவிதைக்காகப் பிறந்தது, கடவுளுக்காகப் பிறந்தது என்றெல்லாம் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய இராக்கின் தென்பகுதியில், உருக் நகரத்தில் கிடைத்த 5,000 வருஷத்துக்கும் முந்தைய களிமண் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை வெறும் கணக்கு. இத்தனை ஆடு, இத்தனை அளவு பார்லி, இத்தனை ஆள். அதற்கும் முன்னால் சின்னச் சின்னக் களிமண் உருண்டைகளையும் கூம்புகளையும் வைத்துப் பண்டங்களை எண்ணியிருக்கிறார்கள், அதிலிருந்துதான் எழுத்தே வளர்ந்தது என்பது டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸரட்டின் வாதம். அந்த வாதத்தின் எல்லாப் படியையும் எல்லா ஆய்வாளர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மனிதன் எழுதக் கற்ற இடத்தில் கவிஞன் இல்லை, கணக்கன்தான் இருந்தான் என்பதில் சந்தேகமில்லை.

அதே மண்ணில், கி.மு. 2100 முதல் 2000 வரை ஆண்ட ஊர் நகரத்து மூன்றாம் வமிசத்தின் கணக்குகள் பல்லாயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. வேலையாளுக்கு மாதப்படி பார்லி. ஆணுக்கு 60 சிலா, பெண்ணுக்கு 30 சிலா. ஒரு சிலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். நெய்யவும் மாவரைக்கவும் கூட்டங்கூட்டமாகப் பெண்கள். ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு கணக்கு: அவன் கையில் இத்தனை ஆள், ஆகவே இத்தனை ஆள்-நாள் வேலை அரசுக்கு வர வேண்டும், வந்தது இத்தனை, மீதி பாக்கி. அந்தப் பாக்கியை அடுத்த வருஷக் கணக்கின் தலையில் ஏற்றுவார்கள். ராபர்ட் எங்லண்ட் இந்தப் பலகைகளை வாசித்துக் காட்டியதில் எனக்கு மறக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. மேஸ்திரி பாக்கியோடு செத்துப்போனால் அவன் சொத்தையும் எடுத்துக்கொண்டு, வீட்டு ஆட்களையும் வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். மேஸ்திரிக்கே இந்தக் கதி. அவனுக்குக் கீழே மாவரைத்த பெண்ணுக்கு என்ன கதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தப் பாக்கி நமக்குப் புதுசில்லை. அப்பன் வாங்கிய கல்யாணக் கடனுக்கு மகன் மாடு மேய்த்தான், மகன் வாங்கியதற்குப் பேரன் ஏர் ஓட்டினான். 'படியாள்' என்ற சொல்லையே பாருங்கள். படியளக்கப்படுகிறவன் படியாள். தஞ்சாவூர்க் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. வெனிஸ் வியாபாரி பேரேட்டின் தலையில் கடவுள் பேரை எழுத வேண்டும் என்று பேசியோலி சொன்ன மாதிரி, இங்கே பிள்ளையார் சுழியும் லாபமும். அறுத்தவள், கட்டு சுமந்தவள், கதிரடித்தவன் எல்லாரும் களத்து ஓரத்தில் நின்று அந்த லாபத்தைக் காதால் கேட்டார்கள். அது யாருக்கு என்று கேட்க வாய் இருந்ததா?

எங்க அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடவுக்குப் போன நாளெல்லாம் குடிசைச் சுவரில் கரிக்கட்டையால் ஒரு கோடு. கூலி வந்தால் கோட்டின் மேல் குறுக்கே இன்னொரு கோடு. அறுப்பு முடிந்து பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றபோது, இவள் சுவரில் குறுக்குக் கோடு விழாதவை பதினொன்று, அவர்கள் நோட்டில் பாக்கி ஆறு நாள். "நோட்டு சொல்லுதா, ஒஞ் சொவரு சொல்லுதா?" என்று அந்தக் காரியக்காரர் கேட்டாராம். இதைச் சொல்லும்போது அம்மாச்சி சிரிக்கும். அடுத்த மழைக்குச் சுவர் கரைஞ்சு போச்சு, நோட்டு பெட்டிக்குள்ள பத்திரமா இருந்துச்சு என்று முடிக்கும். கணக்கியல் வரலாற்றில் எந்த முறை நிலைத்தது, எந்த முறை அழிந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

ஒடுக்கப்பட்டவனுக்கு அளவு தெரியாது, கணக்கு வராது என்பதுதான் நம் தலையில் கட்டப்பட்ட பெரும் பொய். ஏரி மடையைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பிரித்துவிட்டவர் யார்? களத்தில் மரக்கால் பிடித்து அளந்தவர் யார்? எல்லைத் தகராறு வந்தால் பறையர் ஒருவர் தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து காட்டிய வழியே எல்லை என்று ஊர் ஏற்றுக்கொண்டதை, 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்கார அதிகாரிகளே பதிந்திருக்கிறார்கள். 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுப்பிலும் அது உண்டு. நிலத்தின் அளவு காலுக்குத் தெரிந்தவன் சேரியில் இருந்தான். ஓலையும் எழுத்தாணியும் மட்டும் ஊருக்குள் இருந்தன. அறிவு இல்லாமல் போகவில்லை. பதிவு செய்யும் உரிமையைத்தான் பிடுங்கினார்கள்.

ஓலையில் என்ன பதிந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளை நம் தமிழறிஞர்கள் நிர்வாகத் திறமைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஒரு வேலி நிலத்தை 5,200 கோடிக்கும் மேற்பட்ட பங்காக வகுத்து அந்தத் துணுக்குக்கும் வரி கணக்கிட்டார்கள் என்று நீலகண்ட சாஸ்திரி வியக்கிறார். அதே கல்வெட்டில், வரி போட முடியாதவை என்று மொத்த நிலத்திலிருந்து கழிக்கிற பட்டியல் ஒன்று ஊருக்கு ஊர் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சேரி தனியாக இருந்தது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான சாட்சி ஒரு புலம்பலோ பாட்டோ இல்லை, ஒரு கணக்கு வரி. அதுவும் கழித்தல் வரி. துணுக்கின் துணுக்கை விடாத கணக்கன், அந்தச் சேரியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு எண் எழுதவில்லை.

காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' நிலம், பொன், நெல், அரிசி என்று வகைவகையாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும். பலாப்பழத்தை அறுக்காமலே காம்பருகில் உள்ள முள்ளை எண்ணிச் சுளையைச் சொல்லும் வழியும் அதில் இருக்கிறது. ரசனையான நூல், மறுக்கவில்லை. எண்சுவடியை மனப்பாடம் செய்ய வைத்த திண்ணைப் பள்ளிகள் பற்றி, கணக்கு அறிவு சாதிப் படிநிலைக்குள் எப்படி உட்கார்ந்திருந்தது என்பது பற்றி, செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். பழம்பெருமைப் பாட்டும் இல்லாமல், எல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்தது என்ற பாட்டும் இல்லாமல் எழுதப்பட்ட நூல் அது.

வெள்ளைக்காரன் வந்து இந்த ஏட்டைக் கிழித்துப் போட்டானா? இல்லை. கணக்குப்பிள்ளையைக் கர்ணம் என்று சர்க்கார் ஆளாக்கினான். வேலை பரம்பரைப் பாத்தியதை. அடங்கல், சிட்டா, 'ஏ' பதிவேடு எல்லாம் அவர் வீட்டுத் தூலத்தில் தொங்கிய மூட்டைக்குள். ஜமாபந்திக்கு மட்டும் வண்டி ஏறிப் போகும். யார் பயிரிட்டாலும் அடங்கலில் யார் பேர் ஏற வேண்டும் என்பது அவர் பேனாவில் இருந்தது. குத்தகைக்காரர் பேரைப் பதிய 1969இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்ததென்றால் முன்னே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும் 1892 அரசாணையும் பஞ்சமி நிலத்துக்கு வழி செய்தன. நிலம் காகிதத்தில் வந்தது. காகிதத்தை வைத்திருந்தவர் யார்? அந்தக் கர்ணம்தான். வாங்கிய நிலம் எந்த வருஷம், எந்த வரியில், யார் பேருக்கு மாறியது என்று பார்க்க, பஞ்சமி நில மீட்புக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் 1980களின் யு.டி.ஆர். பதிவுக்கு முந்தைய 'ஏ' பதிவேட்டுக்காகத் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்குகிறார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கர்ணங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் தோற்றார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1928இல், பம்பாய்ச் சட்டசபையில் பரம்பரைக் கிராம ஊழியமான மகார் வதனைத் திருத்த மசோதா கொண்டுவந்தவர் அம்பேத்கர். எழுதுகிறவனுக்குப் பரம்பரை மானியம் ஒரு மாதிரி, ஓடி ஓடிச் சேவகம் செய்கிறவனுக்குப் பரம்பரை மானியம் வேறு மாதிரி என்பது அவருக்குத் தெரியும். அந்த வருஷங்களில் அவர் பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இதை நம் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை.

இப்படி ஏட்டைக் கையில் வைத்திருந்தது நம்மூர்ச் சாதி மட்டும் செய்த வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கத் தென்பகுதிப் பருத்தித் தோட்டங்களுக்கென்றே தாமஸ் அஃப்லெக் என்பவர் 1840களின் பிற்பகுதியிலிருந்து அச்சடித்த கணக்குப் புத்தகம் விற்றார். கோடு போட்ட படிவங்கள், நிரப்பினால் போதும். ஒவ்வொரு அடிமையும் ஒவ்வொரு நாளும் எடுத்த பருத்தி இத்தனை பவுண்டு. வருஷத் தொடக்கத்தில் ஆளின் விலை இத்தனை, வருஷ முடிவில் இத்தனை. வளர்ந்த பையனுக்கு விலை ஏறும், கிழவிக்கு இறங்கும். இன்று பி.காம். பிள்ளைகள் எந்திரத்துக்குத் தேய்மானம் போடுகிறார்களே, அதை அங்கே மனுசருக்குப் போட்டார்கள். கெய்ட்லின் ரோஸந்தால் 2018இல் எழுதிய புத்தகம் இதைக் காட்டி, நவீன நிர்வாகக் கணக்கியல் ஆலையில் மட்டும் பிறந்தது என்ற கதையை உடைத்தது. நல்ல புத்தகம். ஆனால் முழுக்க எசமானர்களின் ஏடுகளால் ஆன புத்தகம். அந்தப் பருத்தியை எடுத்தவர்கள் எழுதிய ஏடு கிடையாது, எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே பல மாநிலங்களில் குற்றமாக இருந்தது. 1781இல் ஸாங் என்ற கப்பலில் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தள்ளிவிட்டுத் தலைக்கு 30 பவுன் இன்சூரன்ஸ் கேட்டார்களே, 1783இல் லண்டன் நீதிமன்றத்தில் நடந்தது கொலை வழக்கு அல்ல, இழப்பீட்டு வழக்கு.

நம் சனங்களுக்கு இது தூரத்து ஊர்க் கதை இல்லை. கண்டிச் சீமைக்குப் போன நம் சனத்துக்கு இருந்தது 'துண்டு'. இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் இவரை விடுவோம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு. கடனோடு சேர்த்து ஆளும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினார். கங்காணி அதிலே பிழைத்தான். 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றே பெயர். செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. "இன்னைக்கு எனக்கு அரைப்பேருதான்" என்று ஒரு பெண் சொன்னால் அரைநாள் கூலி என்று அர்த்தம். மனுசி பாதியாகிப்போன கணக்கு அது. இந்தச் சொல்லை எந்தக் கணக்கியல் அகராதியில் தேடுவது?

எழுத்து இல்லாத கணக்குக்கு மதிப்பில்லை என்பது உலக நியதியா? அதுவும் இல்லை. தென்னமெரிக்காவில் இன்கா அரசு கயிற்று முடிச்சில் கணக்கு வைத்தது. கீப்பு என்று பேர். தொங்கும் கயிறுகளில் முடிச்சின் வகை, இடம், நிறம் எல்லாமே எண்ணும் பொருளும். அதை ரொம்பவும் புனிதமாக்கிவிட வேண்டாம். உழைப்பாளியைப் பத்து, நூறு, ஆயிரம் என்று பிரித்து இலவச வேலைக்கு இழுத்த அரசின் கருவி அது. ஆனால் ஸ்பானியர்கள் வந்த பிறகு அதே முடிச்சு வேறொரு வேலை செய்தது. ஹௌஹா பள்ளத்தாக்கின் ஹுவாங்கா தலைவர்கள் 1561இல் லிமா நீதிமன்றத்துக்குக் கீப்புகளோடு போனார்கள். 1533 முதல் பிஸாரோவின் படைக்கும் பின்னால் வந்த படைகளுக்கும் தாங்கள் கொடுத்த ஆள், சோளம், லாமா, துணி எல்லாவற்றையும் முடிச்சிலிருந்து வாசித்தார்கள். கேட்டுக் கொடுத்தது தனி, கொள்ளையடித்துக்கொண்டு போனது தனி. கொள்ளைக்கும் கணக்கு வைத்திருந்தார்கள்! ஸ்பானிய எழுத்தன் அதைக் கேட்டுக் காகிதத்தில் எழுதினான், நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. 1583இல் லிமாவில் கூடிய திருச்சபை மாநாடு கீப்புகளை விக்கிரக வழிபாட்டுச் சாமான் என்று அழிக்கச் சொன்னது. முடிச்சிலே சாமி மட்டும்தான் இருந்ததா, பாக்கியும் இருந்ததா?

எங்க அம்மாச்சியின் கரிக்கோட்டுக்கு அப்படி ஒரு நீதிமன்றம் வாய்க்கவில்லை. பின்னால் வந்த ஒரு சட்டத்தில் அதற்கான இடம் கொஞ்சம் இருக்கிறது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால் போதும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. நோட்டு சொல்வதே உண்மை என்ற ஆயிரம் வருஷத்து நியாயத்தை ஒரு பிரிவு தலைகீழாகப் பிடித்திருக்கிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் அட்வான்ஸ் நோட்டைக் காட்டி மிரட்டும்போது, எத்தனை பேர் இந்தப் பிரிவை எடுத்து நீட்டியிருக்கிறோம்?

ராஜஸ்தானில், அப்போது பாலி மாவட்டத்தில் இருந்த கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பரில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தோழர்கள் பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். இவர் இத்தனை நாள் வேலை செய்தார், இத்தனை ரூபாய் வாங்கினார் என்று வாசிக்க வாசிக்க, அந்தப் பேருக்குரியவர்களே எழுந்து நான் அந்தப் பக்கமே போகலையே என்றார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அந்த இயக்கத்தின் கோஷம். 2005 தகவல் உரிமைச் சட்டத்துக்கு அங்கேயிருந்து ஒரு பாதை வருகிறது. வித்தியாசமாக ஒன்றும் செய்யவில்லை அவர்கள். ஏட்டில் எழுதப்பட்டவர்கள் முன்னால் ஏட்டை வாசித்தார்கள், அவ்வளவுதான். அதற்கே பதவியில் இருந்தவர்கள் நடுங்கினார்கள்.

அந்தச் சட்டத்தை வைத்துத்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கும் சிறப்பு உட்கூறுத் திட்டப் பணத்திலிருந்து 744 கோடி ரூபாயை டில்லி அரசு 2010 காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பிவிட்டது என்று தலித் அமைப்புகளும் நில உரிமைக் குழுக்களும் தோண்டி எடுத்தன. மத்திய உள்துறை அமைச்சர் மாநிலங்களவையில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. கள்ளக் கையெழுத்து இல்லை, கள்ள நோட்டு இல்லை. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு ஒரு வரி நகர்ந்தது.

அரசு பட்ஜெட் புத்தகங்களில் பட்டியல் சாதியினருக்கான இந்த ஒதுக்கீடு 789 என்ற சிறு தலைப்பு எண்ணின் கீழ் வரும். துறை துறையாக அந்த எண்ணைத் தேடிப் போனால் ரோடும் மேம்பாலமும் எந்திரமும் நம் பேரில் செலவாகிக் கிடப்பதைப் பார்க்கலாம். கவிதை வாசிக்க நம்மிடம் ஆள் இருக்கிறார்கள், கதை எழுத இருக்கிறார்கள், மேடையில் பேச நிறையவே இருக்கிறார்கள். வணிகவியல் படித்த நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ரெண்டு பேரை உட்காரவைத்து, இந்த வருஷத்துப் புத்தகத்தில் 789 வருகிற பக்கங்களை மட்டும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு சாயங்காலம் உரக்க வாசிக்கச் சொல்லலாம்.